இறால் ஓடும் கோழிக்குஞ்சும்

நம் நாட்டில் வீட்டுக் கோழி வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் கையில் உள்ள தொழில். நிலமில்லாத குடும்பத்திலும் கொல்லைப்புறத்தில் நான்கைந்து கோழிகள் மேயும். முட்டை விற்ற காசு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமாகிறது. பெட்டைக்கோழி விற்ற பணம் மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. ஏழைத் தாய்க்குக் கோழிக்கூடுதான் சேமிப்பு வங்கி என்றால் அது மிகையன்று.

அந்த வங்கி ஒரே வாரத்தில் திவாலாவதும் உண்டு. முதல் நாள் ஒரு கோழி தீனி எடுக்காமல் இறகைச் சிலுப்பிக்கொண்டு மூலையில் ஒடுங்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். அடுத்தடுத்த நாட்களில் கூடே காலியாகிவிடும். நம் மக்கள் இதை வெள்ளைக் கழிச்சல் என்கிறார்கள். கால்நடை மருத்துவர்கள் இராணிக்கெட் நோய் என்கிறார்கள்.

இந்நோய் 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகிலும் கண்டறியப்பட்டது. அதனால் உலக நாடுகளில் இதற்கு நியூகாசில் நோய் என்று பெயர். மறு ஆண்டே இமயமலைச் சாரலில் உள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் தலைகாட்டியது. நம் நாட்டில் அவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது. நோய்க்குக் காரணம் ஒரு வைரசு. கடுமையான வகை தாக்கினால், தடுப்பூசி போடாத கோழிகளில் ஏறத்தாழ அத்தனையும் மடிந்துபோகலாம். நோய் வந்தபின் மருந்து இல்லை. வருமுன் காப்பது ஒன்றே வழி.

அந்தக் காவலுக்கு ஒரு புதிய துணையாக, நாம் குப்பையில் எறியும் இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற பொருளை அறிவியலார் ஆராய்ந்து வருகிறார்கள். இறால் ஓட்டிற்கும் கோழிக்குஞ்சின் உயிருக்கும் என்ன தொடர்பு? அதை இக்கட்டுரையில் காண்போம்.

தடுப்பூசிக்கும் துணை வேண்டும்

தடுப்பூசியின் வரலாற்றில் கோழிக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1880-ஆம் ஆண்டில் கோழிக் காலரா பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். சோதனைக் கூடத்தில் நாட்பட வைத்திருந்த கிருமிகளைச் செலுத்தியபோது கோழிகள் இலேசாக நோயுற்றுத் தேறின. பின்னர் வீரியமுள்ள கிருமிகளைச் செலுத்தியபோது அக்கோழிகள் சாகவில்லை. வலுக் குறைந்த கிருமி உடலுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறது என்ற உண்மை இவ்வாறு புலப்பட்டது. சோதனைக் கூடத்தில் வலுக் குறைத்து உருவாக்கிய முதல் தடுப்பு மருந்து கோழிகளுக்கானதே.

ஆனால் எல்லாத் தடுப்பூசிகளும் ஒரே அளவில் பாடம் கற்பிப்பதில்லை. உயிருள்ள, வலுக் குறைந்த கிருமி உடலில் சற்றே பெருகித் தன் வரவை நன்றாக உணர்த்திவிடும். கொல்லப்பட்ட கிருமியோ, கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதமோ தனியாக உள்ளே சென்றால், உடல் பல நேரங்களில் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. வகுப்பில் ஆசிரியர் மெல்லிய குரலில் பேசினால் கடைசி வரிசைக்கு எட்டாது அன்றோ! பாடம் சரியானதுதான், அதைக் கேட்கச் செய்ய ஒரு துணை வேண்டும்.

அத்துணைப் பொருளை அட்ஜுவன்ட் என்பர். உதவி செய்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். தமிழில் துணையூக்கி எனலாம். பிரெஞ்சு நாட்டுக் கால்நடை மருத்துவரான காஸ்தோன் ரமோன் என்பவர் தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிரான மருந்தைக் குதிரைகளின் குருதியிலிருந்து எடுத்து வந்தார். ஊசி போட்ட இடத்தில் கட்டி கிளம்பிய குதிரைகளின் குருதியில் எதிர்ப்பொருள் மிகுதியாக இருப்பதை அவர் கவனித்தார். உடனே, அந்த அழற்சியை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கலாமே என்று மருந்துடன் மரவள்ளி மாவைக்கூடக் கலந்து சோதித்தார். 1925-ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வே துணையூக்கி வரலாற்றின் தொடக்கம். அடுத்த ஆண்டில் இங்கிலாந்தில் கிளென்னி என்பவர் படிகாரம் சேர்த்தால் தடுப்பூசியின் ஆற்றல் கூடுவதைக் கண்டார். இன்றும் குழந்தைகளுக்குப் போடும் பல தடுப்பூசிகளில் அலுமினிய உப்புகளே துணை. கொல்லப்பட்ட கிருமிகளால் ஆன கோழித் தடுப்பூசிகளிலோ பெரும்பாலும் கனிம எண்ணெய் துணையாகிறது.

கோழி கற்பித்த பாடம்

துணையூக்கி எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதை அறிய, கோழியின் உடலைச் சிறிது பார்க்க வேண்டும்.

நமக்குக் கழுத்திலும் அக்குளிலும் இருப்பது போன்ற நிணநீர் முடிச்சுகள் கோழிக்கு இல்லை. அதற்குப் பதிலாக வேறு காவல் நிலையங்கள் உள்ளன. கண்ணின் பின்புறம் ஹார்டர் சுரப்பி என்று ஒன்று உண்டு. கண்ணில் விடும் சொட்டு மருந்தை முதலில் அடையாளம் காண்பது அதுவே. குடலின் இறுதியில், மலத்துளைக்கு மேலே ஒரு சிறு பை உள்ளது. இத்தாலியின் பதுவா நகரப் பேராசிரியர் பப்ரிசியஸ் அதை விவரித்து எழுதிய நூல் அவர் மறைந்தபின் 1621-இல் வெளிவந்தது. அதனால் அது பப்ரிசியஸ் பை எனப்படுகிறது.

அந்தப் பையினால் என்ன பயன் என்பது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகப் புதிராகவே இருந்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் குஞ்சுகளின் பையை அகற்றிப் பார்த்தார். கோழிகள் வழக்கம்போலவே வளர்ந்தன. பின்னர் சாங் என்ற சக மாணவர், எதிர்ப்பொருள் உண்டாவதை வகுப்பிற்குச் செய்துகாட்டச் சில கோழிகளை அவரிடம் வாங்கிச் சென்று சால்மொனெல்லாக் கிருமியைச் செலுத்தினார். சில கோழிகளில் எதிர்ப்பொருளே உண்டாகவில்லை. கணக்குப் பார்த்தபோது அவை பை அகற்றப்பட்ட கோழிகள்! புகழ்பெற்ற ஓர் அறிவியல் இதழ் இக்கட்டுரையை ஏற்கவில்லை. 1956-இல் கோழியியல் இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளணுக்களை இன்று மனித மருத்துவத்திலும் பி செல்கள் என்கிறோம். அந்தப் பி என்னும் எழுத்து, பையைக் குறிக்கும் பர்சா என்ற இலத்தீன் சொல்லின் முதலெழுத்து. எளிய கோழி மனித குலத்துக்கே கற்பித்த பாடம் அது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், இராணிக்கெட் வைரசு கோழியின் கண், மூக்கு, தொண்டை, குடல் ஆகிய ஈரப்பசையுள்ள வாசல்கள் வழியாகவே நுழைகிறது. காவலரும் அவ்வாசல்களின் அருகிலேயே நிற்கின்றனர். எண்ணெய் கலந்த தடுப்பூசியைத் தோலுக்கடியிலோ தசையிலோ போட்டால் குருதியில் எதிர்ப்பொருள் நன்றாகப் பெருகும். ஆனால் வாசலில் காவல் அந்த அளவுக்கு வலுப்பதில்லை. ஊருக்குள் காவல் நிலையம் இருந்தும் எல்லைச் சாவடியில் ஆளில்லாதது போன்ற நிலை அது. மேலும் ஒவ்வொரு கோழியையும் பிடித்து ஊசி போட வேண்டும். போட்ட இடத்தில் சில வேளை கட்டி தங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தாய்க்கோழி தன் எதிர்ப்பொருளை முட்டையின் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குக் கொடுத்தனுப்புகிறது. இது இறைவன் வகுத்த அழகான ஏற்பாடு. ஆயினும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் நாம் கொடுக்கும் தடுப்பு மருந்தையும் அந்தத் தாய்ச் சீதனம் பகையென்று எண்ணி ஓரளவு முறியடித்துவிடுகிறது. சீதனம் கரையும்வரை காத்திருந்தால் நோய் முந்திக்கொள்ளலாம். காத்திராமல் கொடுத்தால் மருந்து முழுப்பயன் தருவதில்லை. எனவே, வாசலிலேயே நின்று, இளங்குஞ்சிலும் மருந்தின் குரலை உயர்த்தக்கூடிய ஒரு துணை தேவைப்படுகிறது.

ஓட்டிலிருந்து ஊக்கி

இங்கேதான் கைட்டோசான் வருகிறது. இறால், நண்டு, வண்டு ஆகியவற்றின் ஓட்டிலும், காளானின் செல்சுவரிலும் கைட்டின் என்ற பொருள் உள்ளது. இயற்கையில் மிகுதியாகக் கிடைக்கும் சர்க்கரைச் சங்கிலிப் பொருட்களில் மரத்தின் செல்லுலோசுக்கு அடுத்த இடம் இதற்கே. 1811-இல் பிரக்கோனோ என்பவர் காளானிலிருந்து இதைப் பிரித்தார். 1859-இல் ருஷே என்ற பிரெஞ்சு அறிஞர் கைட்டினை அடர்ந்த காரத்தில் கொதிக்கவைத்தார். முன்பு எதிலும் எளிதில் கரையாத அப்பொருள், இப்போது புளிப்பு நீரில் கரைந்தது. இந்தப் புதிய பொருளே 1894-இல் கைட்டோசான் என்ற பெயர் பெற்றது.

செய்முறை மூன்று படிகள் கொண்டது. முதலில் ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் அதிலுள்ள சுண்ணாம்பு குமிழியிட்டு நீங்கும். அடுத்து நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு புரதத்தை நீக்கும். எஞ்சுவது கைட்டின். மூன்றாவதாக, அடர்ந்த காரத்தில் சூடாக்கினால் கைட்டினில் உள்ள அசிட்டைல் தொகுதிகள் பெரும்பாலும் கழன்று, அமினோ தொகுதிகள் வெளிப்படும். முதல் படியின் சாயலை வீட்டிலேயே காணலாம். கழுவிய இறால் ஓட்டை ஒரு கிண்ணம் வினிகரில் போட்டுவையுங்கள். சிறு குமிழிகள் எழும். நாளடைவில் ஓடு மென்மையாகும். அடர்ந்த காரத்தைக் கொண்டு செய்யும் படியை மட்டும் வீட்டில் முயலவே கூடாது.

இறாலைத் தலையும் ஓடும் நீக்கிப் பதப்படுத்தும்போது அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கழிவாகிறது. குவித்துவைத்தால் நாறி, நீரையும் காற்றையும் கெடுக்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இக்கழிவிலிருந்து கைட்டினும் கைட்டோசானும் எடுக்கும் முறைகளை வகுத்துத் தந்துள்ளது. நற்செய்தியில், ஐயாயிரம் பேர் உண்டபின் மீந்த துண்டுகளைப் பன்னிரண்டு கூடைகளில் சேர்த்ததாகப் படிக்கிறோம். மீந்ததை வீணாக்காத அந்த மனப்பான்மை அறிவியலிலும் பலன் தருகிறது.

துணை செய்வது எப்படி?

கைட்டோசானின் திறம் அதன் மின்னூட்டத்தில் தொடங்குகிறது. இலேசான அமிலநிலையில் அதன் அமினோ தொகுதிகள் நேர்மின்னூட்டம் பெறுகின்றன. கண், மூக்கு, குடல் ஆகியவற்றைப் போர்த்தியுள்ள சளிப்படலமோ எதிர்மின்னூட்டம் உடையது. எனவே கைட்டோசான் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. வெறும் நீரில் கலந்த மருந்து கண்ணீரோடு வழிந்துபோகலாம். கைட்டோசானோடு சேர்ந்த மருந்து சற்று நேரம் தங்கும்.

இரண்டாவதாக, சளிப்படலத்தின் அடியில் செங்கல் அடுக்கியது போல நிற்கும் செல்களுக்கு இடையே உள்ள இறுக்கமான இணைப்புகளை அது சிறிது நேரம் தளர்த்துகிறது. அதனால் தடுப்பு மருந்து உள்ளே இருக்கும் காவல் செல்களை அடைய வழி பிறக்கிறது.

மூன்றாவதாக, கைட்டோசானை மிக நுண்ணிய துகள்களாக்கி, அவற்றுக்குள் புரதத்தைப் பொதிந்துவைக்கலாம். கோழி அதை விழுங்கினால், இரைப்பையின் அமிலமும் செரிமான நீர்களும் புரதத்தை உடனே சிதைத்துவிடாதபடி அத்துகள் ஓரளவு காக்கிறது. ஊசியே இல்லாமல் குடிநீரிலும் தீனியிலும் மருந்து கொடுக்க இது வழிகாட்டுகிறது.

நான்காவதாக, அது காவல் செல்களைத் தானே தட்டி எழுப்புகிறது. அயர்லாந்தின் டப்ளின் நகர ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் எலிகளின் செல்களைக் கொண்டு இதை விளக்கினர். கைட்டோசானை உட்கொண்ட செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்டிரியா சிறிது அதிர்ந்து, தம் டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் கசியவிடுகின்றன. அந்நிய டி.என்.ஏ. புகுந்துவிட்டதோ என்று செல் அபாய மணி அடித்து, இன்டர்பெரான் என்ற பொருளைச் சுரக்கிறது. அதனால் கிருமி தங்கிய செல்களையே தாக்கும் செல்வழி எதிர்ப்பு வலுக்கிறது.

வேலை முடிந்தபின் கைட்டோசான் உடலில் எண்ணெய்போல் நெடுநாள் தேங்குவதில்லை. கண்ணீரிலும் முட்டையின் வெள்ளைக் கருவிலும் உள்ள லைசோசைம் என்ற நொதி அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடக் கூடியது.

கோழிகளிலேயே செய்த ஆய்வுகளும் உண்டு. பெல்ஜியம் நாட்டில் ஒருநாள் குஞ்சுகளுக்கு உயிருள்ள நியூகாசில் தடுப்பு மருந்தைக் கைட்டோசான் கலந்து கண்ணிலும் மூக்கிலும் சொட்டாக விட்டுப் பார்த்தனர். 2010-இல் வெளியான அம்முடிவின்படி, எதிர்ப்பொருளின் அளவைவிட மண்ணீரலில் செல்வழி எதிர்ப்பு கூடியதே முக்கியப் பலன். பப்ரிசியஸ் பையின் புதிர் அவிழ்ந்த அதே ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், சால்மொனெல்லாக் கிருமியின் புரதங்களைக் கைட்டோசான் நுண்துகள்களில் பொதிந்து இறைச்சிக் கோழிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்துள்ளனர். குடலில் கிருமியின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் முற்றும் ஒழிந்துவிடவில்லை. முட்டை, இறைச்சி வழியாக மனிதரையும் தாக்கும் கிருமி அது என்பதால் இந்த முயற்சி நம் சமையலறைக்கும் உரியது.

அவசரப்படலாகாது

இவ்வளவும் படித்தபின், கைட்டோசான் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே பெயர் கொண்டிருந்தாலும் எல்லாக் கைட்டோசானும் ஒன்றல்ல. சங்கிலியின் நீளமும், அசிட்டைல் தொகுதிகள் எவ்வளவு நீங்கின என்பதும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அவை மாறினால் ஒட்டும் திறனும் ஊக்கும் திறனும் மாறும். ஓட்டில் இருந்த புரதமோ நுண்ணுயிரியின் நஞ்சோ எஞ்சியிருந்தால், பலன் கைட்டோசானால் வந்ததா அழுக்கால் வந்ததா என்பதே தெரியாது. அமிலநிலை குறைந்து நடுநிலைக்கு வந்தால் அதன் மின்னூட்டம் குறைந்து கரைசலிலிருந்து பிரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் ஒருசில குஞ்சுகளில் கண்ட நன்மை, ஆயிரக்கணக்கான கோழிகள் வாழும் பண்ணையிலும் கொல்லைப்புறத்திலும் நிலைக்கிறதா என்று பொறுமையாகச் சோதிக்க வேண்டும்.

கொல்லைப்புறக் கோழிக்கு வேறொரு தடையும் உண்டு. தடுப்பு மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஒரு குப்பி திறந்தால் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு அன்றே போட்டாக வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் எப்படி வாங்குவார்? இதற்குத் தீர்வாக ஆஸ்திரேலியாவில் ஐ-2 என்ற வெப்பம் தாங்கும் வகை உருவாக்கப்பட்டு, மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகளின் சிற்றூர்களில் பெண்களே சொட்டு மருந்தாகக் கொடுத்து வந்துள்ளனர். துணையூக்கி மருந்தின் குரலை உயர்த்தும். ஆனால் மருந்தை வாசல்வரை கொண்டுசேர்ப்பது மனிதர் செய்ய வேண்டிய துணை.

நாம் செய்யக் கூடியது

தோழியரே, புதிய மருந்து வரும்வரை கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. இன்று கையில் உள்ள மருந்துகளே பெரும்பாலான கோழிகளைக் காக்க வல்லவை. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து. ஏறத்தாழ எட்டாவது வாரத்தில் இறக்கைப் பகுதியில் தோலுக்கடியில் ஊசி. தமிழகக் கால்நடைப் பராமரிப்புத் துறை கோடைக்கு முன்பாகக் கோழிக் கழிச்சல் நோய்க்கு இருவாரத் தடுப்பூசி முகாம்களை நடத்தி வருகிறது. நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கோழி இருந்தால், முகாம் நாளை விசாரித்துச் சொல்லலாம்; நலமாக உள்ள கோழிகளை அதிகாலையில் கூட்டிலேயே அடைத்துவைத்து எடுத்துச் செல்ல உதவலாம். நோயுற்று இறந்த கோழியைக் குளத்திலோ தெருவிலோ எறியாமல், ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் சொல்லலாம். சந்தையில் வாங்கிய புதுக் கோழியை இரண்டு வாரம் தனியே வைத்திருந்து, பிறகு கூட்டத்தில் சேர்க்கச் சொல்லலாம். இவற்றுக்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

துணையூக்கி தானாக எந்த நோயையும் தடுப்பதில்லை. அது தன்னை முன்னிறுத்திக் கொள்வதும் இல்லை. பிறிதொன்றின் நல்ல பாடம் உரிய இடத்தில், உரியவர் காதில் விழச் செய்கிறது, பின் கரைந்துவிடுகிறது. தடுப்பூசியைப் பற்றி அறியாத ஒரு வீட்டிற்கு அதைப் பற்றி எடுத்துச் சொல்லும் மாணவி ஒவ்வொருத்தியும் அத்தகைய துணையே. படித்ததைப் பயன்படுத்தி, ஏழையின் கோழிக்கூடு ஒன்றேனும் இவ்வாண்டு காலியாகாமல் காப்போம்.